ரெண்டு கட்டமா, அஞ்சு கட்டமா

முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன் சார், அப்புறம் மறந்துருவேன். இந்த எழுத்துப் பலகை நிரலை உங்க அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்தினதுக்கு அப்புறம், என்னைக்காவது ஒருநாள் திரையில மேல ஓரத்துல ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பாக்கும். லினக்ஸோட புதுப் பதிப்பு வந்திருக்கு, ஏத்திக்கிடுதீங்களான்னு கேக்கும். ரொம்ப மரியாதையாத்தான் கேக்கும். வேண்டாம்னு அழுத்திடுங்க. தினமும் கேட்டாலும் தினமும் வேண்டாம்னு அழுத்துங்க.

எனக்கு இது தெரியாமப் போச்சு. தெரியாமன்னும் சொல்ல முடியாது. முப்பத்தோரு வருஷம் பாலிடெக்னிக்ல லேப் இன்ஸ்ட்ரக்டரா இருந்தவன் நான். எங்க லேப்ல முதல்முதலா லினக்ஸ் போட்டதே நான்தான். மத்தவங்க எல்லாம் திருட்டு சிடி வச்சு ஓட்டிக்கிட்டிருந்த காலம். "கோயில்பிள்ளை சார் தொட்டா மெஷின் எழும்பிரும்"னு பிரின்சிபாலே சொல்லுவார். அப்படிப்பட்டவன் வீட்டுலதான் இது நடந்துச்சு.

காபியைக் குடிங்க, ஆறுது. அந்தச் சத்தமா? அது மூச்சு மெஷின். உள் ரூம்ல இருக்கா. கொஞ்ச நேரத்துல உங்களுக்குப் பழகிரும்.

என் வீட்டுக்காரி பேரு ஜெபக்கனி. பி.டி. டீச்சர். பாளையங்கோட்டையில பாதிப் பொம்பளைப் பிள்ளைகளை அவ ஓட விட்டிருக்கா. அவளுக்கு விசிலே தேவைப்படாது சார். மைதானத்துக்கு அந்தக் கடைசியில நின்னு கதை பேசுற பிள்ளையை இந்தக் கடைசியில இருந்து பேரு சொல்லிக் கூப்பிடுவா. அவளுக்குத்தான் முதல்ல பேச்சு போச்சு. நாக்கு குழறிச்சு, அப்புறம் கை, அப்புறம் கால். நரம்பு ஒண்ணொண்ணா தசைக்கு வேலை சொல்றதை நிறுத்திக்கிடும், மருந்து கிடையாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க அக்காவைப் பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க.

ரெண்டு வருஷத்துல வலது கை ஆள்காட்டி விரல் ஒண்ணுதான் மிச்சம். அதுக்குத்தான் இந்தப் பலகையை நானே எழுதினேன். திரையில தமிழ் எழுத்தெல்லாம் வரிசை வரிசையா நிக்கும். மேல ஒரு வெளிச்சம் நகந்துக்கிட்டே போகும். முதல்ல வரிசை மேல நின்னு நின்னு போகும், வேணும்ங்கிற வரிசை வந்ததும் விரலுக்குக் கீழ இருக்குற பொத்தானை ஒரு தட்டு. அப்புறம் வெளிச்சம் அந்த வரிசைக்குள்ள கட்டம் கட்டமாப் போகும், எழுத்து வந்ததும் இன்னொரு தட்டு. மெய்யெழுத்து முதல்ல புள்ளியோட விழும், புள்ளியை எடுக்க ஒத்தைக் கட்டமா ஒரு வரிசை உண்டு. அப்புறம் கால், கொம்பு எல்லாம். சொல்லு முடிஞ்சதும் கம்ப்யூட்டரே வாய்விட்டு வாசிக்கும்.

முதல்நாள் அவ என்ன எழுதினா தெரியுமா? "இந்த ஆம்பளைக் குரல் யாருக்கு?" அவ்வளவுதான். முழுசா ஆறு நிமிஷம் ஆச்சு அதை எழுத. ஆமா சார், அந்தப் பழைய பதிப்புல தமிழுக்கு ஒரே ஒரு குரல்தான், அதுவும் தகரத்துல பேசுற மாதிரி ஒரு ஆம்பளை. அவ அந்தக் குரல்லயே என்னய ஒன்றரை வருஷம் ஏசினா. அப்பக் கழுத்து கொஞ்சம் அசையும், தலையாட்டினாப் போதும்டின்னு சொன்னா ஒத்துக்க மாட்டா. "நான் ஆடா?"ன்னு எழுதுவா. எதுன்னாலும் முழுசா எழுதித்தான் சொல்லுவா.

புதுப் பதிப்புல தமிழ்ல ஒரு பொம்பளைக் குரல் வந்திருக்குன்னு போட்டிருந்தாங்க சார். அதுக்குத்தான் ஏத்தினேன். வேற எதுக்கும் இல்ல. அவ அன்னைக்கே எழுதினா, "நல்லாத்தானே ஓடுது". நான்தான், சும்மா இரு, உனக்குக் குரல் வாங்கித் தாரேன்னு சொன்னேன்.

ஒரு திங்கக்கிழமை காலையில ஏத்தினேன். ரெண்டு மணி நேரம் ஓடிச்சு. திரும்ப ஆன் பண்ணினா திரை முழுக்கக் கறுப்பு. அவ கட்டில்ல சாஞ்சு பாத்துக்கிட்டு இருக்கா, விரலு பொத்தான் மேல இருக்கு, இங்க ஒண்ணுமே இல்ல. போன்ல தேடினேன். இதுக்குன்னு ஃபோரம் இருக்குல்லா, அதுல யாரோ ஒருத்தன் எழுதியிருந்தான், மெஷின் துவங்குறப்ப ஓடுற கட்டளை வரியில இந்த ஒரு சொல்லைச் சேருங்க, திரை வந்துரும்னு. சேத்தேன். வந்துருச்சு. பொம்பளைக் குரலும் வந்துருச்சு. வெண்ணெய் மாதிரி குரல் சார். "ஜெபக்கனி"ன்னு நானே அடிச்சு வாசிக்க விட்டேன். அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்த வியாதியில சும்மாவே அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரும், ஆனா அன்னைக்கு அது சும்மா வந்த அழுகை இல்ல.

மறுநாள்ல இருந்துதான் சனியன் பிடிச்சது.

திரை மெதுவாப் போச்சு. ஒரு ஜன்னலைப் பிடிச்சு இழுத்தா பிசின் மாதிரி வருது. மவுஸை நகத்தினா அம்புக்குறி யோசிச்சு யோசிச்சு வருது. சரி, புதுப் பதிப்பு கனமா இருக்கும், இது பழைய மெஷின்னு, திரையில வர்ற நிழலு, வழவழப்பு எல்லாத்தையும் அணைச்சேன். அணைச்சும் அப்படியேதான். எடை குறைஞ்ச டெஸ்க்டாப் ஒண்ணை ஏத்தினேன். அதுவும் அப்படியேதான். மெமரி வாங்கிப் போட்டேன். திரைக் கார்டை ஓட்டுற டிரைவர் நிரலைக் கழட்டி மாட்டினேன். ஃபோரத்துல கேட்டா ஒருத்தன் கிராபிக்ஸ் கார்டு பழசுங்கான், இன்னொருத்தன் திரையை வரையுற முறையே மாறிப்போச்சு, பழைய முறைக்குப் போங்கங்கான். போனேன். அப்பவும் அப்படியேதான். மூணாவது ஆளு, ஏன் சார் இன்னும் இந்தக் காலத்து மெஷினை வச்சிருக்கீங்கன்னு கேட்டான்.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சார். காலையில அவளுக்குக் கஞ்சி ஊத்திட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும். அவ கட்டிலுக்குப் பக்கத்துலயே, முதுகு அவ பக்கம், மூஞ்சி திரைப் பக்கம். வேற யாரு இப்படிச் செய்வா சொல்லுங்க? ஒரு நிமிஷம் அவளை விட்டு நகரல. மெஷின் என் கையில இருக்குறப்ப அவளால எழுத முடியாது, அது வாஸ்தவம்தான். ஆனா அதைச் சரி பண்ணத்தானே உக்காந்திருக்கேன்.

நடுவுல நடுவுல அவகிட்டக் கொடுப்பேன். அங்கதான் பயந்துட்டேன் சார். அவ எழுதினது ஒண்ணும் விளங்கல. "ஙெபெசெ"ங்கா. "சகது"ங்கா. அந்த வெண்ணெய்க் குரல் அதை அப்படியே அழகா வாசிக்குது. நான் திரும்ப எழுதுன்னேன். வேற ஒண்ணு வந்துச்சு, அதுக்கும் அர்த்தம் இல்ல. அவ கண்ணுல தண்ணியா வடியுது. நான் என்ன நினைச்சேன்னா, விரலு தளந்துருச்சு, தட்டுறதுக்குள்ள வெளிச்சம் தாண்டிருது. பலகையோட வேகத்தைக் குறைச்சேன். நானே உக்காந்து தட்டிப் பாத்தேன். காலையில கம்ப்யூட்டரை ஆன் பண்ணின கையோட தட்டிப் பாத்தேன், அச்சு அசலா சரியா விழுது. அப்ப பலகையில தப்பில்ல. என் நிரல்ல தப்பில்ல. அவகிட்டத்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்.

பெங்களூர்ல இருக்கா மக, பியூலா. போன்ல சொன்னேன். "அப்பா, பழைய பதிப்புக்கே போயிருங்கப்பா"ன்னா. போயிருக்கலாம். ஒரு நாள் வேலை. ஆனா அந்தக் குரலு போயிருமே சார். அதுவுமில்லாம, முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் மெஷினை எழுப்பி விட்டவன், சொந்த வீட்டுல தோத்துட்டேன்னு பழசுக்குப் போகவா? இன்னும் ரெண்டு நாள் பாக்கேன்னேன். ரெண்டு நாள், ரெண்டு நாள்னே போச்சு.

பத்தொன்பதாம் நாள் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தாங்க. அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. என்னய வெளிய கூப்பிட்டுச் சொன்னாங்க, இனி ரெண்டு வழிதான். ஒண்ணு, தொண்டையில ஓட்டை போட்டு மெஷின் வைக்கிறது, வச்சா வருஷக்கணக்கா இருப்பாங்க, ஆனா படுத்த படுக்கைதான். இன்னொண்ணு, வைக்காம விடுறது, கஷ்டம் தெரியாம இருக்க மருந்து கொடுக்கலாம். இதை அவங்கதான் சொல்லணும் சார், நீங்களோ நானோ சொல்லக் கூடாதுன்னாங்க.

நல்ல மனுஷி. அவ பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா விளக்கமாச் சொன்னாங்க. ஜெபா முழுசாக் கேட்டா. அப்புறம் பலகையைப் பாத்தா. நான் திருப்பி வச்சேன். மணி பதினொண்ணு இருக்கும், மெஷின் காலையில இருந்து ஓடிக்கிட்டிருக்கு.

தட்டினா. ரொம்ப நிதானமாத் தட்டினா சார். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கிக்கிட்டு. நாங்க ரெண்டு பேரும் திரையையே பாத்துக்கிட்டு நிக்கோம். முடிச்சுட்டா. குரலு வாசிச்சுது.

"ளொந்தெட்."

டாக்டரம்மா என்னயப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன். இன்னொரு தடவை எழுதுங்கம்மான்னு கேட்டாங்க. அவளுக்கு அதுக்குள்ள விரலு ஓஞ்சு போச்சு. கண்ணை மூடித் திறங்கன்னு கேட்டுப் பாத்தாங்க. அவ அழுதுக்கிட்டிருக்கா, கண்ணு படபடன்னு அடிக்குது, எதை ஆமான்னு எடுக்க, எதை இல்லைன்னு எடுக்க? வெளிய வந்து சொன்னாங்க, சில பேருக்கு இந்த வியாதி புத்தியையும் தொடும் சார், இனி முடிவு உங்களுதுதான்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

என்ன செய்யச் சொல்லுதீங்க? முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. வைக்க வேண்டாம்னு ஒரு தாள்ல நான் எப்படி எழுதுவேன்? மறுநாள் ஆஸ்பத்திரியில சேத்துத் தொண்டையில குழாய் வச்சாங்க. முதுகுல புண்ணு இருக்கே, யாருமே பாக்கலையான்னு அங்க ஒரு நர்ஸு சத்தம் போட்டுச்சு. பக்கத்துலயேதான் இருந்தேன்மான்னு சொன்னேன்.

பியூலா ஓடி வந்தா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாறி மாறிப் போய்க்கிட்டிருந்தோம். இருபத்தினாலாம் நாள் காலையில, அம்மா வந்ததும் பேசணும்லா, மெஷினைப் பாப்போம்னு உக்காந்தா. உக்காந்து பத்து நிமிஷம் இருக்காது. "அப்பா, இதென்ன ஃபேன் இப்படிக் கத்துது? கிராபிக்ஸ் கார்டு வேலையே செய்யலையே. படம் பூராவும் புராசஸர்ல்லா வரையுது"ன்னா. அப்புறம் துவங்குற வரியைத் திறந்தா. திறந்துட்டு என்னயப் பாத்தா.

"இந்தச் சொல்லை யாருப்பா இங்க போட்டா?"

நோமோட்செட். ஒரே சொல்லு. முதல்நாள் திரை கறுத்துப் போனப்ப அந்த ஃபோரத்துக்காரன் சொன்னானே, அதுதான். கார்டைத் தொடாதே, ஒதுக்கி வையுன்னு அர்த்தம். திரை வந்ததும் டிரைவரைச் சரியா மாட்டிட்டு அந்தச் சொல்லை எடுத்துரணும். எடுத்துரணும்னு அவன் எழுதல சார்! கீழ வேற யாரோ எழுதியிருந்தானாம், பியூலா காட்டினா, நான் அதுவரைக்கும் படிக்கல. படிச்சிருந்தாலும்... எனக்கே தெரியும் அந்தச் சொல்லு. லேப்ல எத்தனை தடவை போட்டு எடுத்திருக்கேன். அன்னைக்கு அவ பாத்துக்கிட்டிருக்காளேங்கிற பதட்டம். போட்டது மறந்தே போச்சு. டிரைவரை எத்தனை தடவை மாட்டினா என்ன, அந்தச் சொல்லு இருக்குற வரைக்கும் கார்டு திரும்பியே பாக்காது. இருபத்தினாலு நாளா நான் எல்லாத்தையும் கழட்டி மாட்டினேன், நான் போட்டதைத் தவிர.

எடுத்தா. திரும்ப ஆன் பண்ணினா. தண்ணி மாதிரி ஓடுது சார் திரை.

அப்பதான் புரிஞ்சுது. பாவம் புராசஸர், அது ஒத்தையா வரைஞ்சு வரைஞ்சு, நேரம் ஆக ஆகப் பின்தங்கிக்கிட்டே போகுது. உள்ள கணக்குல வெளிச்சம் அஞ்சாவது கட்டத்துக்குப் போயிருச்சு, திரையில இன்னும் மூணாவது கட்டத்துலதான் நிக்குது. அவ திரையைப் பாத்துச் சரியாத் தட்டுதா. விழுறது ரெண்டு கட்டம் தள்ளி. வரிசை தப்பல, அது மேல வெளிச்சம் நெடுநேரம் நிக்கும். எழுத்துதான் தப்பிப் போச்சு. காலையில ஆன் பண்ணின கையோட நான் தட்டிப் பாத்தப்ப அது பின்தங்கி இருக்கல. அவ விரலு தப்புப் பண்ணல சார். ஒரு தடவை கூடப் பண்ணல.

அவ வீட்டுக்கு வந்தன்னைக்கு விரலை எடுத்துப் பொத்தான் மேல வச்சேன். ஜெபா, சரியாயிருச்சு, தட்டுன்னேன். வெளிச்சம் அழகாப் போகுது, வருது, போகுது. விரலு அசையல. அந்தப் பத்து நாள்ல அதுவும் போயிருச்சு.

சரி. அந்தப் பலகையில இன்னொரு வசதி உண்டு, உங்களுக்கும் உதவும். எழுதினது எல்லாத்தையும் ஒரு கோப்புல சேத்து வைக்கும். நான் உக்காந்து அந்த நாள் கணக்கை எல்லாம் பின்னால தள்ளிப் பாத்தேன். ரெண்டு கட்டம், மூணு கட்டம்னு தள்ளிப் படிச்சா சொல்லு வருது. "ஙெபெசெ"ன்னா "முதுகு". புண்ணைத்தான் சொல்லியிருக்கா. அஞ்சு தடவை எழுதியிருக்கா. "சகது"ன்னா என்ன தெரியுமா? "கபடி". அன்னைக்கு டிவியில பைனல் ஓடியிருக்கு. நான் அவளுக்கு என்னமோ ஏதோன்னு தைலம் தேச்சு விட்டேன்.

அப்புறம் அந்த "ளொந்தெட்".

இந்தாங்க, இந்த நோட்டைப் பாருங்க. "ளொ" ரெண்டு கட்டம் பின்னால போனா "வே". "ந்" ரெண்டு கட்டம் போனா "ண்". "த்" ரெண்டு கட்டம் போனா "ட்". கடைசி எழுத்து அஞ்சு கட்டம் தள்ளியிருக்கு, வரிசை ம-வோட முடிஞ்சு திரும்ப க-வுல இருந்து சுத்தி வர்றதால அது "ம்". நடுவுல அந்த டகரத்துக்கு மேல என்ன போட்டாங்கிறதுதான் குழப்பம். துணையெழுத்து வரிசையில கால் முதல் கட்டம். உகரம் நாலாவது கட்டம். விழுந்தது ஆறாவது கட்டம். ரெண்டு கட்டம் பின்தங்கியிருந்தா அது "வேண்டும்". அஞ்சு கட்டம் பின்தங்கியிருந்தா "வேண்டாம்". முன்னால இருக்குற எழுத்துல ரெண்டு, பின்னால இருக்குற எழுத்துல அஞ்சு. நடுவுல எப்ப மாறிச்சுன்னு எந்தக் கோப்புலயும் இல்ல. எல்லாம் பாத்துட்டேன் சார். புராசஸர் சூடு எவ்வளவுங்கிறது வரைக்கும் பாத்துட்டேன். பியூலாகிட்டக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு நோட்டை மூடிட்டா. "டு தான்ப்பா. டு ன்னே வச்சுக்கிடுங்க"ன்னுட்டு எழும்பிப் போயிட்டா.

என்ன கேட்டீங்க?

நேரா அவகிட்டயே... ஆமா. கேக்கலாம். கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆமான்னா மேல பாப்பா, இல்லைன்னா மூடித் திறப்பா, ஆஸ்பத்திரி நர்ஸு பழக்கி விட்டது. இப்ப அந்த அழுகையும் அவ்வளவா இல்ல. புத்தி எல்லாம் தெளிவு. யாராவது தப்பாத் தமிழ் பேசினா கண்ணைச் சுருக்குவா.

நாலு மாசமாச்சு. கேக்கணும்னுதான். டாக்டரம்மா சிரமப்படுத்த வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதுவுமில்லாம அவ "இல்ல"ன்னுட்டான்னு வைங்க, நான் என்ன செய்ய? தொண்டையில இருக்குறதைப் பிடுங்கவா? "ஆமா"ன்னாலும், எனக்காகச் சொல்லுதாளோன்னு கிடந்து அரிக்கும். அதுக்கு இந்த நோட்டே தேவலை. இதுல இன்னும் ரெண்டு வழியில தள்ளிப் பாக்க வேண்டியிருக்கு.

இல்ல. நீங்க கேட்டது சரிதான். வாங்க சார், நீங்களும் உள்ள வாங்க. தனியாப் போனா நான் கேக்க மாட்டேன். எத்தனையோ தடவை போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். நீங்க கூட நில்லுங்க, அது போதும்.

செருப்பு கிடக்கட்டும், பரவாயில்ல.

ஜெபா, முழிச்சுத்தான் இருக்கியா? இவரு கோவில்பட்டியில இருந்து வந்திருக்காரு. இவரு அக்காவுக்கும் உனக்கு வந்ததுதான். நம்ம பலகையைக் கொண்டுபோக வந்திருக்காரு. பாத்தீங்களா, மேல பாக்குதா, வாங்கங்கா.

ஜெபா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு டாக்டரம்மா வந்தாங்கல்லா, மூச்சு இழுத்துச்சே அன்னைக்கு. உங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. நீ பலகையில எழுதினல்லா. அது திரை மெதுவா இருந்ததுல சரியா விழல. உம்மேல தப்பில்ல. நீ சரியாத்தான் தட்டின. அன்னைக்கு நீ எழுதினது வந்து...

என்னயவே பாக்குதா சார்.

ஜெபா, நீ எழுதினது...

ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா ஜெபா?

மேல பாக்கலையே. மூடவும் இல்ல. அப்படியே என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கா.

நான் கேட்டது அவ காதுல விழுந்திருக்காது சார். இந்த மெஷின் சத்தத்துல.